எண்ணும் எழுத்தும் பிணங்கிய கதை

நூலகத்தில் நூல் இருந்தும் அது இல்லாத நூலாகிவிடும் நிலை ஒன்று உண்டு. நூலட்டைகளை முதலில் அடுக்கியவர் ஒரு முறையைக் கைக்கொண்டிருப்பார். பின்னாளில் வந்து தேடுபவர் வேறொரு முறையைக் கைக்கொள்வார். ஜகரத்தில் தொடங்கும் நூற்பெயர்களைச் சிலர் சகர வரிசையை அடுத்து வைப்பர். வேறு சிலர் தமிழெழுத்துகளெல்லாம் முடிந்தபின் இறுதியில் வைப்பர். இரண்டு முறைக்கும் காரணம் உண்டு. இரண்டில் எதையும் பிழை என்று தள்ளிவிட இயலாது. ஆனால் முன்னவர் இறுதிப் பேழையில் இட்ட அட்டையைப் பின்னவர் சகரப் பேழையில் தேடினால், 'அப்படியொரு நூல் இங்கே இல்லை' என்றே மறுமொழி கூறுவார். நூல் அலமாரியில்தான் இருக்கும். அட்டையும் பேழையில்தான் இருக்கும். ஆயினும் நூலைக் கேட்டு வந்த மாணவன் வெறுங்கையோடு திரும்புவான்.

கணினிக்குள்ளும் இதே நிகழ்ச்சி நடந்தது. அது நேர்ந்த விதமும், பல ஆண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்த விதமும், பின்னர் திருத்தப்பட்ட விதமும் தமிழ் கற்பிப்போரும் கற்போரும் அறிந்துகொள்ளத்தக்கவை. ஏனெனில், தம் கோப்புகளுக்கு ஆங்கில எழுத்துகளால் மட்டும் பெயரிட்டவர் ஒருவரையும் அப்பிழை தீண்டவில்லை. தமிழில் பெயர் சூட்டியவரையோ அது தீண்டக் காத்திருந்தது.

2007ஆம் ஆண்டளவில் பணியாற்றிய தமிழாசிரியர் ஒருவரை மனக்கண்முன் நிறுத்திப் பார்க்கலாம். பள்ளி ஆண்டிதழுக்கு மாணவர்கள் எழுதிய கட்டுரைகளைப் பல ஆண்டுகளாகத் தட்டெழுதிச் சேர்த்து வைத்தவர் அவர். ஒவ்வொரு கோப்புக்கும் தமிழிலேயே பெயரிட்டார். 'அம்மா', 'எங்கள் தோட்டத்து ஆறு', 'பாட்டி சொன்ன கதை' என நூற்றுக்கணக்கான கோப்புகள் ஒரே கோப்பகத்தில் சேர்ந்தன. அவை அனைத்தும் வீட்டு வலையமைப்பில் இணைக்கப்படும் சிறிய சேமிப்புப் பெட்டி ஒன்றில் இருந்தன. ஒருநாள் அப்பெட்டியின் மின்சுற்று பழுதாயிற்று. உள்ளிருந்த வன்தட்டுக்கு யாதொரு கேடும் இல்லை. கணினி அறிந்த பழைய மாணவர் ஒருவர் அத்தட்டைக் கழற்றி, லினக்ஸ் இயங்குதளம் உள்ள மேசைக் கணினியில் பொருத்திக் கொடுத்தார்.

கோப்பகம் திறந்தது. 'அம்மா' என்னும் பெயர் பட்டியலில் தெரிந்தது. அதைத் திறக்க முற்பட்டபோதோ, அப்பெயரில் கோப்பு எதுவும் இல்லை என்று கணினி அறிவித்தது. வேறு சில கட்டுரைகளின் பெயர்கள் பட்டியலிலேயே காணப்படவில்லை. அதே கோப்பகத்தில் ஆங்கில எழுத்துகளால் பெயரிடப்பட்டிருந்த சில கோப்புகள் மட்டும் தடையின்றித் திறந்தன. கண்டவர்கள் என்ன கூறியிருப்பர்? 'கணினியில் தமிழில் பெயர் வைத்தால் இப்படித்தான். இனியாவது ஆங்கிலத்தில் வையுங்கள்' என்றுதான் அறிவுரை கூறியிருப்பர். ஆசிரியரும் தம்மையே நொந்துகொண்டிருப்பார்.

இவ்வாசிரியர் கற்பனை மாந்தர். ஆனால் அவருக்கு நேர்ந்ததாகக் கூறிய பிழை கற்பனை அன்று. 2008ஆம் ஆண்டு வரை லினக்ஸின் கோப்பு முறைமை இயக்கியில் அது உண்மையாகவே இருந்தது. குற்றம் தமிழின்மேல் இல்லை என்பதை அறிய, கோப்பகம் எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்த்தல் வேண்டும்.

கோப்பு முறைமை என்பது வன்தட்டில் கோப்புகளை வைக்கவும் எடுக்கவும் வகுக்கப்பட்ட ஒழுங்கு. அந்த ஒழுங்கின்படி தட்டைப் படித்தும் எழுதியும் பணிபுரியும் நிரலே அதன் இயக்கி. கோப்பகம் என்பது பெயர்ப் பட்டியல். எந்தப் பெயருக்கு உரிய கோப்பு தட்டில் எங்கே உள்ளது என்பதை அது குறித்து வைத்திருக்கும். 1993இல் தோன்றிய எக்ஸ்ட்-2 என்னும் முறைமையில் இப்பட்டியல் ஒழுங்கின்றி வந்த வரிசையிலேயே எழுதப்பட்டது. ஒரு பெயரைத் தேட வேண்டுமானால் முதற்பெயரிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்த்துச் செல்ல வேண்டும். ஐம்பது பெயர்களுக்கு இது போதும். ஐம்பதாயிரம் பெயர்கள் சேர்ந்துவிட்டாலோ, அகரவரிசை இல்லாத அகராதியில் சொல் தேடுவது போலாகிவிடும்.

இக்குறையை நீக்க டேனியல் பிலிப்ஸ் என்பவர் 2001இல் ஒரு பெயரடைவு முறையை முன்வைத்தார். பின்னர் அது எக்ஸ்ட்-3 முறைமையிலும் சேர்க்கப்பட்டது. அதன் வழி எளியது. ஒவ்வொரு பெயரையும் ஒரு கணக்குக்கு உட்படுத்தி, அதிலிருந்து 32 பிட் அளவுள்ள ஓர் எண்ணை உண்டாக்குவர். அதற்கு ஹாஷ் எண் என்று பெயர். பெயரில் ஓரெழுத்து மாறினும் ஹாஷ் எண் முற்றிலும் வேறாகிவிடும். பெயர்கள் அனைத்தும் அவற்றின் ஹாஷ் எண்களுக்கு ஏற்பப் பல கட்டங்களாகப் பிரித்து வைக்கப்படும். இன்ன எண் முதல் இன்ன எண் வரை இந்தக் கட்டத்தில் என்று காட்டும் அடைவு கோப்பகத்தின் முகப்பில் இருக்கும். அடைவின் ஒரு பதிவுக்கு 8 பைட் இடமே போதும்: எண்ணுக்கு 4, கட்டத்தின் இடத்துக்கு 4. தேடும்போது பெயருக்கு மீண்டும் அதே கணக்கைப் போட்டு, வரும் எண்ணுக்குரிய கட்டத்தை மட்டும் திறந்து பார்த்தால் போதுமானது.

இம்முறை முழுவதும் ஒரே ஒரு நம்பிக்கையின்மேல் நிற்கிறது. வைத்தபோது போட்ட கணக்கும் தேடும்போது போடும் கணக்கும் ஒரே விடையைத் தர வேண்டும் என்பதே அது. அந்நம்பிக்கை எங்கே தவறியது என்பதுதான் கதையின் திருப்பம்.

கணினி எழுத்தை எண்ணாகவே அறியும். ஆங்கிலத்தில் 'அம்மா' என்று நான்கு எழுத்துகளால் எழுதினால், அது 97, 109, 109, 97 என்னும் நான்கு பைட்டுகளாகும். ஆங்கில எழுத்துகள் அனைத்தும் 127க்கு உட்பட்டவை. தமிழுக்கோ யூனிகோட் முறையில் தனி இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த யு.டி.எஃப்-8 குறியீட்டில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகளைப் பெறும். அகரத்துக்கு 224, 174, 133. மகரத்துக்கு 224, 174, 174. 'அம்மா' என்னும் சொல்லில் அகரம், மகரம், புள்ளி, மகரம், துணைக்கால் என ஐந்து குறிகள். ஆகவே 15 பைட்டுகள். அந்தப் பதினைந்தில் ஒன்றேனும் 127க்குக் கீழ்ப்பட்டதன்று.

127 என்னும் எல்லைக்கு என்ன சிறப்பு? ஒரு பைட்டில் எட்டுப் பிட்டுகள் உள்ளன. அவற்றை இருவகையாகப் பொருள் கொள்ளலாம். எட்டையும் எண்ணாகவே கொண்டால் 0 முதல் 255 வரை எண்ணலாம். முதற்பிட்டை நேர், எதிர் என்னும் குறியாகக் கொண்டால் −128 முதல் 127 வரை எண்ணலாம். 127 வரை இவ்விரு வகைக்கும் வேறுபாடு இல்லை. 97 என்பது எப்படிப் பார்த்தாலும் 97தான். அதற்கு மேற்பட்டால் வழிகள் பிரிகின்றன. முன்னைய வகையில் 224 எனப்படுவது பின்னைய வகையில் −32 ஆகும். 174 என்பது −82 ஆகும்.

லினக்ஸ் பெரும்பாலும் சி மொழியில் எழுதப்பட்டது. அம்மொழியில் எழுத்துக்குரிய பைட்டை எந்த வகையில் எண்ணுவது என்பது வரையறுக்கப்படவில்லை. அதை அந்தந்தப் பொறியின் வசதிக்கே விட்டுவிட்டனர். சி மொழி வளர்ந்த பி.டி.பி-11 என்னும் பொறி, பைட்டைப் பதிவகத்தில் ஏற்றும்போது குறியுள்ள எண்ணாகவே விரித்துக்கொள்ளும். ஐ.பி.எம். பெருங்கணினிகளிலோ எழுத்துகளின் குறியீடே 127க்கு மேற்பட்டிருந்தமையால் குறியற்ற எண்ணே பொருத்தமாயிற்று. பிற்காலத்தில் மேசைக் கணினிகளில் பரவிய இன்டெல் வகைச் சில்லுகளில் லினக்ஸ் குறியுள்ள முறையைக் கொண்டது. ஆர்ம், பவர்-பி.சி. ஆகிய சில்லுகளில் குறியற்ற முறையைக் கொண்டது. 1989இல் சி மொழிக்குத் தரம் வகுத்தபோதும் இவ்வேறுபாட்டை ஏற்று, இரண்டையும் அனுமதித்தனர்.

இனி ஆசிரியரின் கோப்பகத்துக்குத் திரும்பலாம். அவருடைய சேமிப்புப் பெட்டிக்குள் இருந்தது ஆர்ம் சில்லு. மேசைக் கணினியில் இருந்தது இன்டெல் வகைச் சில்லு. ஹாஷ் கணக்கின் தொடக்கத்தில், முன்வந்த தொகையை 256ஆல் பெருக்கி அடுத்த பைட்டைக் கூட்டும் படி ஒன்று உண்டு. அகரத்தின் முதலிரு பைட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு அப்படியைச் செய்து பார்த்தால், பெட்டியில் 57,518 என்னும் விடை வரும். மேசைக் கணினியில் −8,274 என்னும் விடை வரும். தொடக்கமே இவ்வாறு விலகியபின் முடிவு எவ்வாறு ஒத்துவரும்? பெட்டி ஒரு கட்டத்தில் வைத்த 'அம்மா'வை மேசைக் கணினி வேறொரு கட்டத்தில் தேடியது. அங்கே இல்லாமையால், இல்லை என்று கூறியது. அது பொய் கூறவில்லை. தான் பார்க்க வேண்டும் என்று நம்பிய இடத்தில் பார்த்துவிட்டே கூறியது. பட்டியலைக் காட்டும்போதும் இயக்கி ஹாஷ் எண்ணின் ஏறுவரிசையிலேயே செல்லும். அவ்வரிசையில் பின்தங்கியதாகத் தோன்றும் பெயரை, முன்னரே காட்டிவிட்டது என்று கருதித் தாண்டிவிடும். சில பெயர்கள் பட்டியலிலும் மறைந்தமைக்குக் காரணம் அதுவே.

கட்டுரைகளின் உள்ளடக்கத்தில் ஓரெழுத்தும் அழியவில்லை. ஆயினும் ஆபத்து இல்லாமல் இல்லை. கோப்பு இல்லை என்று நம்பிய ஒருவர் 'அம்மா' என்ற பெயரிலேயே புதிய கோப்பை உண்டாக்கினால், இயக்கி அதற்கு இடங்கொடுத்துவிடும். ஒரே கோப்பகத்தில் ஒரே பெயருடன் இரண்டு கோப்புகள் அமையும். எது பழையது, எது புதியது என்று பிரித்தறிவது அரிதாகிவிடும்.

இத்தகைய பிழை பல ஆண்டுகள் வெளிப்படாமல் இருந்தது எங்ஙனம் என்ற வினா எழுவது இயல்பு. அது வெளிப்பட மூன்று நிலைகள் ஒருங்கே கூட வேண்டியிருந்தது. முதலாவது, கோப்பகம் பெரிதாக இருத்தல் வேண்டும். 4,096 பைட் அளவுள்ள ஒரு கட்டத்துக்குள் அடங்கும் கோப்பகத்துக்கு அடைவே தேவையில்லை. ஏறத்தாழ நூறு தமிழ்ப் பெயர்கள் சேரும் வரை பிழைக்கு வேலையில்லை. இரண்டாவது, ஒருவகைப் பொறியில் எழுதிய தட்டை மற்றொருவகைப் பொறிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மூன்றாவது, பெயர்களில் ஆங்கிலமல்லாத எழுத்துகள் இருத்தல் வேண்டும். ஆங்கிலப் பெயர்களை வைத்து எத்தனை முறை சோதித்தாலும், எத்தனை பொறிகளில் சோதித்தாலும், இப்பிழை அகப்படாது. ஆயிரம் சோதனைகளில் தேறிய நிரல், 'அம்மா' என்னும் ஒரு சொல்லின்முன் தோற்றுவிடும்.

பிழையைக் கண்டறிவதைக் காட்டிலும் அதைத் திருத்துவதே கடினமாக இருந்தது. மேலோட்டமாகப் பார்ப்பவர், ஏதேனும் ஒரு முறையை எல்லாப் பொறிகளுக்கும் விதித்துவிட்டால் போதாதா என்று கேட்பர். குறியற்ற முறையை விதித்தால், அதுவரை மேசைக் கணினிகளில் குறியுள்ள முறையில் எழுதப்பட்ட தட்டுகளில் எல்லாம் ஆங்கிலமல்லாத பெயர்கள் ஒரே நாளில் தொலைந்துபோகும். குறியுள்ள முறையை விதித்தால், ஆர்ம் பொறிகளில் எழுதப்பட்டவற்றுக்கு அதே கதி. நிரலைத் திருத்துவது ஓர் இரவில் முடியும். உலகெங்கும் பரவிக் கிடக்கும் தட்டுகளில் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டதை எவ்வாறு திருத்துவது?

இக்கோப்பு முறைமையின் பொறுப்பாளர்களுள் ஒருவரான தியோடர் ட்ஸோ மேற்கொண்ட வழி வேறு. எது சரி என்று தீர்ப்புக் கூறும் முயற்சியில் அவர் இறங்கவில்லை. எது பயன்படுத்தப்பட்டது என்பதைத் தட்டிலேயே எழுதி வைக்கச் செய்தார். ஒவ்வொரு கோப்பு முறைமைக்கும் அதன் அளவு, அமைப்பு முதலியவற்றைக் கூறும் தலைப்பதிவு ஒன்று உண்டு. அதில் குறியுள்ள கணக்கு என்றால் ஓர் அடையாளமும், குறியற்ற கணக்கு என்றால் மற்றோர் அடையாளமும் இடப்பட்டன. இயக்கி எந்தப் பொறியில் இயங்கினாலும், தன் பழக்கத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, தட்டின் அடையாளத்தைப் படித்து அதற்கேற்பக் கணக்கிட வேண்டும். இதற்கெனப் பழைய மூன்று ஹாஷ் முறைகளுக்கும் குறியற்ற வடிவங்கள் மூன்று எழுதப்பட்டன. 0, 1, 2 என்று எண்ணிட்டிருந்த முறைகளோடு 3, 4, 5 என்பன சேர்ந்தன. அடையாளம் எதுவும் இல்லாத தட்டு வந்தால், அதை ஏற்கும் பொறி தன் முறையையே அதில் அடையாளமாக எழுதிவிடும்.

இத்திருத்தமும் ஒரே மூச்சில் நிறைவேறவில்லை. தட்டை அமைக்கவும் சரிபார்க்கவும் உதவும் கருவிகளில் அடையாளமிடும் வசதி 2006அளவில் வந்துவிட்டது. அதைப் படிக்க வேண்டிய இயக்கியிலோ உரிய திருத்தம் 2008 அக்டோபரில்தான் எழுதப்பட்டது. இடைப்பட்ட ஈராண்டுகளில் தட்டில் குறிப்பு இருந்தும் அதைப் படிப்பார் இல்லை. அவ்வாண்டு டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 2.6.28 பதிப்பில் எக்ஸ்ட்-3, எக்ஸ்ட்-4 ஆகிய இரண்டும் இத்திருத்தத்தைப் பெற்றன. அடையாளமே இல்லாத பழைய தட்டு, முதன்முதலில் மாறான பொறியில் பொருத்தப்பட்டுவிட்டால் தவறான அடையாளத்தைப் பெறும் என்னும் குறை மட்டும் எஞ்சியது. அதற்கும் வழி உண்டு: சரிபார்ப்புக் கருவியைக் கொண்டு கோப்பகத்தின் அடைவு முழுவதையும் புதிதாகக் கட்டிவிடலாம். பெயர்கள் அழியாமல் இருக்கும்வரை அடைவை மீண்டும் படைத்துக்கொள்ள இயலும்.

ஒரு முறை கற்ற பாடம் என்றென்றும் நினைவில் நிற்கும் என்று கூறுவதற்கில்லை. லினக்ஸின் 6.2 பதிப்பைத் தயாரித்தபோது, எல்லாப் பொறிகளிலும் எழுத்துப் பைட்டைக் குறியற்றதாகவே கொள்வது என்று நிரலர்கள் முடிவு செய்தனர். பல பிழைகளை வேரோடு களையும் நன்முயற்சி அது. ஆனால் எக்ஸ்ட்-4 முறைமையில் கோப்புகளோடு சேர்த்து வைக்கப்படும் கூடுதற்பண்புகளின் பெயர்களுக்கும் ஒரு ஹாஷ் எண் தட்டில் எழுதப்படுகிறது. பழைய முறையில் எழுதிய அவ்வெண்கள் புதிய முறையோடு ஒத்துவரவில்லை. 2023 ஜனவரியில், ஆங்கிலமல்லாத பெயர்களைக் கொண்டு செய்த சோதனை ஒன்று அதைக் காட்டிக் கொடுத்தது. ஒருவகையில் கணக்கு ஒவ்வாதபோது மற்றவகையிலும் கணக்கிட்டுப் பார்த்து ஏற்கும்படி லைனஸ் டோர்வால்ட்ஸ் இயக்கியைத் திருத்தினார். பிப்ரவரியில் அப்பதிப்பு வெளிவருமுன்பே பிழை நீங்கிற்று. முன்னைய பிழை ஆண்டுக்கணக்கில் கிடந்தது. பின்னையது வாரக்கணக்கில் பிடிபட்டது. இடையில் நேர்ந்த மாற்றம் ஒன்றுதான்: பிறமொழிப் பெயர்களையும் சோதனையில் சேர்க்க வேண்டும் என்று எவரோ முன்கூட்டியே எண்ணியிருந்தனர்.

தமிழ் கற்போர் சிந்திக்க வேண்டிய இடம் இதுவே. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கிய காலத்திலும், 1997இல் சிங்கப்பூரில் தமிழ்க் கணினி மாநாடு கூடிய காலத்திலும், தமிழைத் திரையில் காண்பதும் விசைப்பலகையில் தட்டுவதுமே பெரும் பணியாக இருந்தன. அப்பணி பெரிதும் நிறைவேறிவிட்டது. இன்று எழுத்து திரையில் அழகாகத் தெரிகிறது. அத்துடன் வேலை முடிந்தது என்று எண்ணிவிடலாகாது என்பதை இக்கதை உணர்த்துகிறது. திரைக்குப் பின்னே, கண்ணுக்குத் தெரியாத கணக்குகளிலும் தமிழ் ஓடிக்கொண்டிருக்கிறது. அக்கணக்குகளை எழுதுபவர் தமிழை வெறுத்தவர் அல்லர். தமிழ்ப் பெயரொன்றை இட்டுப் பார்க்க அவருக்கு வாய்ப்பு நேரவில்லை, அவ்வளவே.

அந்த வாய்ப்பைத் தருவோர் தமிழில் பெயரிடுவோரே ஆவர். பிழைக்கு அஞ்சி ஆங்கிலப் பெயருக்கு மாறிவிடும் ஒவ்வொருவரும் அப்பிழையை மறைத்து வைக்கத் துணைபுரிகின்றனர். நிரல் எழுதப் பழகும் மாணவன் தன் சோதனைப் பெயர்களில் ஒரு தமிழ்ச் சொல்லைச் சேர்த்துக்கொண்டால் போதும். 127க்கு மேற்பட்ட பைட்டுகள் அங்கேயே தம் வேலையைக் காட்டிவிடும். தன் மொழிக்கு அவன் செய்யக்கூடிய எளிய தொண்டு அது. பிற மொழியினர் பலருக்கும் அதனால் நன்மை விளையும்.

ஆசிரியரின் வன்தட்டு இன்றும் எங்கோ ஒரு மேசை அறைக்குள் கிடப்பதாக வைத்துக்கொள்ளலாம். பழைய மாணவர் அதைத் தேடியெடுத்து இன்றைய கணினியில் பொருத்துகிறார். முதலில் தட்டைச் சரிபார்க்கிறார். அடைவைப் புதிதாகக் கட்டச் செய்கிறார். பின்னர் பட்டியலில் 'அம்மா'வைத் தேடிச் சுட்டுகிறார். பதினைந்து பைட்டுகளும் உரிய கணக்கில் சேர்ந்து உரிய கட்டத்தைக் காட்டுகின்றன. யாரோ ஒரு மாணவி என்றோ எழுதிய கட்டுரையின் முதல் வரி திரையில் தோன்றுகிறது. அது எங்கும் போய்விடவில்லை. வைத்த இடத்திலேயே இருந்தது.